கணினியின் ஆழ்துயிலும் வன்தட்டின் இடமும்

பிள்ளைகளின் கல்விக்காகக் கணினி வாங்கி வைத்திருப்போர் நம்மிடையே பலர். புதிதாக எதையும் சேர்க்காதபோதும் வன்தட்டில் சில ஜிகாபைட் இடம் குறைந்திருப்பதைக் கண்டு, கணினி பழுதுற்றதோ என அவர்கள் கலங்குவதுண்டு. அதற்குரிய காரணங்களுள் ஒன்றை ஈண்டுக் காண்போம்.

கணினியில் நாம் செய்துகொண்டிருக்கும் வேலை நினைவகத்தில் தங்கியிருக்கும். மின்சாரம் நின்றால் நினைவகம் வெறுமையாகிவிடும். ‘ஸ்லீப்’ எனப்படும் சாதாரண உறக்கத்திலும் அதற்குச் சிறிதளவு மின்சாரம் தேவை. ‘ஹைபர்னேட்’ எனப்படும் ஆழ்துயிலிலோ, நினைவகத்தில் உள்ளவை வன்தட்டில் எழுதப்பட்ட பின்னரே கணினி அணைகிறது. மீண்டும் இயக்கினால், விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரலாம்.

இதற்கென விண்டோஸ், ‘ஹைபர்ஃபில்.சிஸ்’ என்னும் மறைகோப்பை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கிறது. விண்டோஸ் 10-இல் அதன் அளவு பொதுவாக நினைவகத்தின் அளவில் 40 விழுக்காடு. நினைவகம் 8 ஜிகாபைட் ஆயின், கோப்பு ஏறத்தாழ 3.2 ஜிகாபைட். தகவல்கள் சுருக்கி எழுதப்படுவதால் இவ்விடம் போதுமானதாகிறது. ஆழ்துயிலை நாம் ஒருநாளும் பயன்படுத்தாவிடினும், அவ்விடம் ஒதுக்கப்பட்டே இருக்கும்.

இக்கோப்பை நேரடியாக அழிக்க முயலலாகாது. இடம் மிகவும் நெருக்கடியாயின், விவரம் அறிந்தவர் துணையுடன் ‘பவர்சிஎஃப்ஜி’ என்னும் கட்டளையால் ஆழ்துயில் வசதியை நிறுத்தலாம். கோப்பும் தானே நீங்கும். ஆயினும், கணினியை விரைவாகத் தொடங்கச் செய்யும் வசதியும் உடன் நின்றுவிடும். மேலும், மடிக்கணினியின் மின்கலம் தீரும் வேளையில் பிள்ளை பாதியில் விட்ட கட்டுரையைக் காக்கவல்லது இவ்வசதியே. ஆகவே, முதலில் தேவையற்ற படங்களையும் காணொளிகளையும் நீக்குவோம். அதன் பின்னும் இடம் போதாவிடில் மட்டுமே இதில் கை வைப்போம்.