இரவல் ஆட்டக்காரர்

மாத்தளை மாவட்டத்துத் தோட்டப் பள்ளிகளில் திறமாக உதைபந்தாடும் சிறுவர் பலர், பள்ளியை விட்டதும் ஆட்டத்தையும் விட்டுவிடுகின்றனர். பள்ளி அணிக்கும் பெரியோர் அணிக்கும் இடையே ஏறிச்செல்லப் படியில்லை.

இங்கிலாந்தில் அந்தப் படியாக இரவல் முறை உள்ளது. பெரிய கழகம், தன் பயிற்சிக்கூடத்தில் வளர்த்த இளைஞனைச் சிறிய கழகமொன்றுக்குச் சில மாதங்கள் இரவலாகக் கொடுக்கும். இரவல் போன உரல் தேய்ந்து வரும். ஆட்டக்காரனோ தேறி வருவதுண்டு. டொட்டன்ஹாம் கழகத்து ஹரி கேன் 2011இல், 17 வயதில், லெய்ட்டன் ஓரியண்ட் கழகத்துக்கு இவ்வாறே சென்றார். பயிற்சியில் தவறினால் திருத்தம் கிடைக்கும். அங்கே தவறினால் ஆட்டமே தோற்கும். முதிர்ந்த ஆட்டக்காரரின் தோளிடியையும் தாங்கவேண்டும். 2018 உலகக்கிண்ணப் போட்டியில் மிகுதியான கோல்களை அடித்தவர் அவரே, எண்ணிக்கை 6.

மாத்தளையில் இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. நகரக் கழகமொன்று ஒரு பருவத்துக்குத் தன் அணியில் இடமளித்தால், தோட்டத்து இளைஞனுக்கு மேலும் வேண்டியவை பேருந்துக் கட்டணமும் ஒரு சோடிச் சப்பாத்துமே.