எபாக்ஸிப் பூச்சுக்கு முன் தரையைச் சோதியுங்கள்

காமயகவுண்டன்பட்டித் தோட்டங்களில் பன்னீர்த் திராட்சை ஆண்டு முழுவதும் அறுவடையாகின்றது. 2023ஆம் ஆண்டில் கம்பம் பன்னீர்த் திராட்சை புவிசார் குறியீடும் பெற்றது. ஆயினும், கொடியைக் குழந்தைபோல் பேணும் அன்பர்கள் பழத்தைத் தரம் பிரிக்கும் கூடத்தின் தரையைக் கவனிப்பது அரிது. நசுங்கிய பழச்சாற்றின் அமிலம் சிமெண்டிலுள்ள சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும். மயில்துத்தக் கரைசல் சிந்தினாலும் கேடுதான். குழி விழுந்த தரையில் சாறு தேங்கும், ஈ மொய்க்கும்.

இதற்கு எபாக்ஸிப் பூச்சு நல்ல பரிகாரம் என்பதில் ஐயமில்லை. இது சாதாரண வர்ணம் அன்று. பிசின் ஒன்றும் அதனை இறுகச் செய்யும் திரவம் ஒன்றும் கலந்து, இரசாயன மாற்றத்தால் கெட்டிப்படுவது. ஆனால் பூச்சு எத்துணை உயர்ந்ததாயினும் அடியிலுள்ள கான்கிரீட்டைப் பற்றியே நிற்க வேண்டும். சங்கப் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

நம் ஊர்க் கொத்தனார்கள் தரையின் மேல் சிமெண்டுப் பால் ஊற்றி வழவழப்பாகத் தேய்த்து முடிப்பர். பார்வைக்கு அழகு, எபாக்ஸிக்கோ பகை. அந்த மெல்லிய தோல் பெயரும்போது பூச்சும் உடன் பெயரும். ஆதலின் இயந்திரத்தால் அதனைத் தேய்த்தெடுத்துத் தூசியை முற்றிலும் அகற்றுதல் வேண்டும். அமிலம் ஊற்றிக் கழுவினால் போதும் என்பாரும் உளர். நாம் அதனை விரும்பவில்லை. அமில எச்சமும் ஈரமும் உள்ளே தங்கக்கூடும்.

அடுத்த பகைவன் ஈரம். புதிய கான்கிரீட்டாயின் குறைந்தது 28 நாட்கள் காத்திருத்தல் மரபு. பழைய தரையாயினும் நிலத்தடி ஈரம் மேலேறிப் பூச்சைக் கொப்புளமாகத் தள்ளும். சோதனை எளிது: 18 அங்குலச் சதுரப் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் ஒட்டி, 16 மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். தாளின் அடியில் நீர் துளிர்த்தாலும் தரை கறுத்தாலும் வேலையைத் தொடங்கலாகாது. செலவு சில ரூபாய்கள்.

கலவையில் உற்பத்தியாளர் குறித்த அளவே வேதம். விரைவில் காயட்டும் என்று இறுக்கும் திரவத்தைக் கூட்டினால் பூச்சு கெடும். கலந்ததை வாளியில் வைத்திருந்தால் தானே சூடேறிக் கட்டியாகிவிடும். வெயிற்காலத்தில் இன்னும் விரைவாக. உடனே தரையில் ஊற்றிப் பரப்புக. முற்பகல் வெப்பம் ஏற ஏறக் கான்கிரீட்டிலுள்ள காற்று விரிந்து குமிழியிடுமாதலால், வெப்பம் தணியும் பிற்பகலே ஏற்றது. நீர் புழங்கும் இடத்தில் வழுக்காதிருக்க வெங்கச்சங்கல் மணல் தூவச் சொல்லுங்கள். நேர்வெயில் படும் திண்ணைக்கு இப்பூச்சு வேண்டாம், மஞ்சளித்துப் போகும்.

சக்கம்பட்டி முதலிய ஊர்களின் நெசவாளர் நூல் கிடங்குக்கும் இது வேண்டுமா என்று வினவலாம். நூலுக்கு மரச்சட்டமும் காற்றோட்டமுமே போதும் என்பது நம் கருத்து. சாயப்பட்டறைத் தரைக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்.

விலைப்புள்ளி கோரும்போது, இயந்திரத் தேய்ப்பும் ஈரச் சோதனையும் தனி இனங்களாக எழுதப்பெறுதல் வேண்டும். இந்தியத் தர நிர்ணயம் 4631 எபாக்ஸித் தரைகளுக்கெனவே உள்ளது; அதனையும் குறிப்பிடலாம். அவ்விரு இனங்களும் இல்லாத மலிவான புள்ளியை நிர்வாகக் குழு ஏற்குமுன், பூச்சு பெயர்ந்தால் எவர் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குக. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின், மாசி பிறந்ததும் வேலையைத் தொடங்கலாம்.