கோஷியென் மைதானத்தில் காலி ஆசனங்கள்

பந்தயம் என்றால் ஆடுகிறவர்கள் ஒரு பங்கு, வேடிக்கை பார்க்கிறவர்கள் மூன்று பங்கு என்பது நாம் எல்லோரும் அறிந்த விஷயம். வீட்டுப் பையன் பள்ளிக்கூடத்துக்காகப் பந்தாடப் போகிறான் என்றால், தகப்பனார் முதல் அடுத்த வீட்டுக்காரர் வரையில் மைதானத்துக்குக் கிளம்பிவிடுகிறோம். அவன் ஜயித்தால் "நம் பிள்ளை" என்கிறோம். தோற்றால் நடுவருக்குக் கண் தெரியவில்லை என்கிறோம். இப்படிப்பட்ட நம்மைப் பார்த்து, "ஆட்டம் நடக்கும், ஆனால் நீங்கள் வரவேண்டாம்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? கொரோனா நோய் பரவிய காலத்தில் ஜப்பான் தேசத்து ஜனங்கள் இந்தச் சொல்லைக் கேட்க நேர்ந்தது. அவர்கள் அதை எவ்வாறு ஏற்றார்கள் என்பது நாம் அறிய வேண்டிய கதை.

பேஸ்பால் என்னும் ஆட்டத்தில் ஜப்பானியருக்கு உள்ள மோகம் பிரசித்தமானது. மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் அந்த ஆட்டத்தை நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். பள்ளி மாணவர்களுக்கான அகில தேசப் பந்தயம் 1915-ம் வருஷத்தில் அங்கே ஆரம்பமாயிற்று. 1924-ல் நிஷினோமியா நகரில் கோஷியென் மைதானம் கட்டப்பட்டதும் பந்தயம் அங்கே குடியேறியது. நமக்குப் பிரபவ முதல் அக்ஷய வரையில் 60 வருஷச் சக்கரம் இருப்பது போலவே ஜப்பானியருக்கும் ஒன்று உண்டு. அதன் முதல் வருஷத்தில் மைதானம் எழுந்தபடியால் அந்த வருஷத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.

நாடு முழுவதிலும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கோஷ்டிகள் மோதி, அவற்றில் 49 மட்டுமே கோடையில் கோஷியெனுக்கு வந்து சேர்கின்றன. ஒரு முறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். தோற்ற பிள்ளைகள் கண்ணீர் வடித்துக்கொண்டே மைதானத்து மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போவது வழக்கம். சுமார் 47,000 பேர் அமரக்கூடிய அந்த மைதானத்தில், பள்ளி மாணவர்கள் வாத்தியங்களுடன் உட்கார்ந்து கோஷமிடும் பகுதிக்கு "ஆல்ப்ஸ்" என்று பெயர். மலை போல் உயர்ந்திருப்பதால் வந்த பெயர் அது.

1918-ல் அரிசி விலை ஏற்றத்தால் மூண்ட கலகத்தின்போது இந்தப் பந்தயம் நின்றது. 1941-ல் யுத்தத்தின் காரணமாக நின்று, யுத்தம் முடியும் வரையில் அப்படியே இருந்தது. அதன் பிறகு பந்தயத்தை நிறுத்தியது நோய்தான். 2020 மார்ச்சு மாதத்தில் வஸந்த காலப் பந்தயத்தை, பார்க்க வருகிறவர்கள் இல்லாமலாவது நடத்தலாம் என்று முதலில் யோசித்தார்கள். ஒரு வாரத்துக்குள் அதையும் கைவிட்டார்கள். மே மாதத்தில் கோடைப் பந்தயமும் இல்லை என்று அறிவித்தார்கள்.

அங்கே ஹைஸ்கூல் படிப்பு மூன்று வருஷம். மூன்றாம் வருஷத்துப் பிள்ளைக்கு அந்தக் கோடைதான் கடைசி. 60 வருஷச் சக்கரம் சுழன்று பழைய வருஷம் மறுபடி வரலாம். பதினெட்டாவது வயது மறுபடி வருமா? வஸந்த காலத்துக்குத் தேர்வாகியிருந்த 32 பள்ளிகளை ஆகஸ்டில் அழைத்து, ஆளுக்கு ஓர் ஆட்டம் ஆடச் செய்தார்கள். பொது ஜனங்களுக்கு அநுமதி இல்லை. மற்றப் பள்ளிகளின் மூன்றாம் வருஷத்துப் பிள்ளைகளுக்கு, கோஷியென் மண்ணைச் சிறு குமிழில் அடைத்துச் சாவி வளையமாகச் செய்து அனுப்பினார்கள். காலால் மிதிக்க வேண்டிய மண்ணைத் தபாலில் பெற்ற பிள்ளைகளின் மனம் எப்படி இருந்திருக்கும்!

2021-ல் வேறு வழியைக் கைக்கொண்டார்கள். வஸந்த காலத்தில் நாள் ஒன்றுக்கு 10,000 பேர் மட்டுமே வரலாம் என்றார்கள். வாத்தியக் கோஷ்டிக்கு இடமில்லை. முன்னமே பதிவு செய்த இசையை ஒலிபெருக்கியில் முழக்கினார்கள். கோடையில் நோய் மும்முரமாயிற்று. டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயங்களே ஜனங்கள் இன்றி நடந்த சமயம் அது. கோஷியெனிலும் பொது ஜனங்களுக்குச் சீட்டு விற்கவில்லை. ஆடும் பள்ளிகளைச் சேர்ந்தவர்களை மட்டும் அநுமதித்தார்கள். வாத்தியக்காரர்கள் 50 பேருக்கு மேற்படக் கூடாது என்று விதித்தார்கள்.

"வெட்ட வெளி மைதானந்தானே, என்ன பயம்?" என்று நேயர்கள் கேட்கலாம். மைதானம் வெட்ட வெளிதான். ஆனால் அங்கே போகும் ரயில் வண்டியும், தங்கும் விடுதியும், சாப்பிடும் கடையும் வெட்ட வெளியில் இல்லையே! மேலும், இந்த நோய் மூச்சின் வழியாகப் பரவுவது. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கூவினால், அமைதியாக இருப்பதைவிடப் பல மடங்கு அது வெளிப்படும்.

இத்தனை காவலையும் மீறி நோய் உள்ளே நுழைந்ததையும் சொல்ல வேண்டும். மியாஸாகி வர்த்தகப் பள்ளியின் கோஷ்டி ஓர் ஆட்டம்கூட ஆடாமல் விலகியது. மியாகி மாகாணத்திலிருந்து முதல் தடவையாக வந்த தோஹோகு காகுயின் பள்ளி முதல் ஆட்டத்தில் ஜயித்தது. பிறகு அதன் வீரர் ஒருவருக்கு நோய் கண்டது. அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் ஆடியிருக்கலாம். ஆனால் ஆடாதவர் யார் என்பதைக் கொண்டு, நோயாளி யார் என்று ஊர் உலகம் அறிந்துவிடுமே, அது அந்தப் பிள்ளையின் எதிர்காலத்தைப் பாதிக்குமே என்று எண்ணிப் பள்ளியே விலகிக்கொண்டது. இதைக் கேட்டபோது நம் மனம் உருகிப் போயிற்று. ஜயித்த 49 பேரில் ஒருவராக இருப்பதைவிட ஒரு பிள்ளையின் மானம் பெரிது என்று கருதிய பள்ளி அல்லவா அது?

2020-ல் பந்தயத்தை நிறுத்தியவர்களை நாம் குறை கூறவில்லை. அப்போது நோயின் குணம் சரியாகத் தெரியாது, தடுப்பூசியும் இல்லை. ஆனால் இரண்டு வருஷங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முறை புலப்படுகிறது. இழப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நம் போன்ற வேடிக்கைக்காரர்களின் ஆசனம் போகட்டும். பிறகு வாத்தியம் போகட்டும். அப்புறம் கோஷம் போகட்டும். பிள்ளைகளின் ஆட்டம் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் போக வேண்டும். வீட்டில் வானொலியும் தொலைக்காட்சியும் இருக்கின்றன; நாம் ஒரு வருஷம் அவற்றின் முன் உட்கார்ந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆடுகிற பிள்ளைக்கோ அந்த வருஷம் போனால் போனதுதான்.

2022-ல் ஜனங்கள் திரும்பி வந்தார்கள். கைதட்டலாம், கூவக் கூடாது என்பது விதி. அந்த வருஷம் அதே மியாகி மாகாணத்தின் ஸெண்டாய் இகுவே பள்ளி, வடகிழக்குப் பிரதேசத்துக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தது. 2023-ல் கோஷத்துக்கும் அநுமதி கிடைத்தது. 1916-ல் ஜயித்திருந்த கெய்யோ பள்ளி 107 வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் வாகை சூடியது. இறுதி ஆட்டத்தில் அதன் ஆதரவாளர்கள் போட்ட கூச்சல் அளவு மீறியது என்று பலர் முறையிட்டார்களாம்! இரண்டு வருஷத்துக்கு முன் காலி ஆசனங்களைக் கண்ட மைதானத்துக்கு, இதைவிட மங்களகரமான முறையீடு வேறு என்ன வேண்டும்?