துண்டு இல்லாமல் தராத குளிசை

வாடைக்காற்று தொடங்கி மழை கொட்டுகிற மாதங்களில் திருகோணமலையில் காய்ச்சலும் சேர்ந்தே வரும். பனடோலும் கொத்தமல்லித் தண்ணியும் கைகொடுக்காவிட்டால் அடுத்தது பாமசி. அங்கே பல மருந்துகள் கேட்டதுமே கைக்கு வந்துவிடுகின்றன. வரக்கூடாதவையும் வருகின்றன என்பது வேறு கதை. ஆனால் இன்புளுவென்சாவுக்கான ஒசெல்டமிவிருக்கு வைத்தியரின் துண்டு வேண்டும். டமிஃப்ளூ என்றால் பலருக்கு விளங்கும்.

கண்டபடி விழுங்கினால் வைரசு மருந்துக்குப் பழகிவிடும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். பொய்யில்லை. ஆனால் 2007-08 குளிர்காலத்தில் இந்த மருந்துக்கு மசியாத எச்1என்1 வைரசு பெருமளவில் முதலில் தெரியவந்தது, இதை அதிகம் பாவிக்காத நோர்வேயில்! துண்டு கேட்பதற்கு எங்கள் மாவட்டத்தில் அந்தக் காரணத்தைவிட வலுவானது டெங்கு.

2017இன் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. அந்த ஆண்டு நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்குவுக்கு ஆளானார்கள். முதல் இரண்டு நாளும் டெங்குவும் இன்புளுவென்சாவும் ஒரே மாதிரித்தான்: காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்துக் கட்டம் தொடங்கும். தானே டமிஃப்ளூ வாங்கிப் போட்டவர் நான்காம் நாள் காய்ச்சல் விட்டதும் மருந்து வேலை செய்துவிட்டது என்று நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவார். தம்பலகாமத்து வயலில் எலிக்காய்ச்சல் தொற்றியவருக்கும் இந்தக் குளிசையால் பயனில்லை. அவருக்கு வேண்டியது நுண்ணுயிர்க்கொல்லி.

அடுத்தது சிறுநீரகம். ஒசெல்டமிவிர் உடம்பை விட்டு வெளியேறுவது அதன் வழியாகத்தான். வளர்ந்தவருக்கு 75 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஐந்து நாள் என்பது பொது அளவு. சிறுநீரகம் பழுதானால் அதைக் குறைக்க வேண்டும். சிறுநீரக நோய் பரவலாக உள்ள பதவிசிறிபுர எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

நியூசிலாந்தில் மருந்தாளரே துண்டில்லாமல் இதைக் கொடுக்கலாம். அங்கே டெங்கு உள்ளூரில் பரவுவதில்லை. இங்கே அந்த வழக்கம் சரிவராது என்பதே என் கருத்து.

ஆனால் துண்டு கேட்கும் சட்டத்துக்கு ஒரு கடனும் உண்டு. காய்ச்சல் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் எடுத்தால்தான் இந்த மருந்தின் முழுப்பலன். அதுவும் மற்றபடி சுகமாக உள்ளவருக்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாக எழும்ப உதவும், அவ்வளவுதான். உண்மையில் தேவைப்படுவோர் கர்ப்பிணிகள், வயோதிபர், சின்னக் குழந்தைகள், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள். கொட்பே துறைமுகத்திலிருந்து பலநாள் படகில் போனவர் கரை சேருமுன்பே அந்தக் கெடு முடிந்துவிடலாம். வெருகலிலிருந்து வருபவர் வைத்தியரைக் காண்பதற்குள் பாதி போய்விடலாம். கிராமத்து வைத்தியசாலைகளில் வைத்தியரும் இரத்தப் பரிசோதனை வசதியும் இருந்தால்தான் இந்தச் சட்டம் நியாயமாகும்.

வீட்டில் கர்ப்பிணி, வயோதிபர், குழந்தை போன்ற, இந்த மருந்து உண்மையில் தேவைப்படக்கூடியவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் முதல் நாளே வைத்தியரிடம் கூட்டிச்செல்லுங்கள். டெங்கு இல்லையென்று தெரியும்வரை இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கொடுக்காதீர்கள்.