தானியங்கி இறக்கமும் சரிவுப் பாதையின் கோணமும்

திருவனந்தபுரம் விமான நிலையத்திற்குத் தென்கிழக்கிலிருந்து வரும் விமானங்கள் நெய்யாற்றின்கரை வட்டத்தின் கடலோரத்தை ஒட்டியே இறங்க ஆயத்தமாகின்றன. பூவாறு, கருங்குளம் பகுதிகளிலும், வானம் தெளிந்த இரவுகளில் பாறசாலையை அடுத்த எல்லைக் கிராமங்களிலும் அவற்றின் விளக்குகளைக் காணலாம். எல்லா விமானங்களும் வானில் வரைந்த ஒரே கோட்டின்மீது வழுக்கிச் செல்வன போலத் தோன்றும். இத்தோற்றம் பெரும்பாலும் உண்மையே.

அக்கோடு ரேடியோ அலைகளால் அமைவது. ஓடுபாதையின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உள்ளே, ஒரு பக்கமாக நிற்கும் கம்பத்திலிருந்து இரு குறிகள் வெளியாகின்றன. ஒன்று விநாடிக்கு 90 அதிர்வுகள் உடையது, மற்றொன்று 150. விமானம் பாதைக்கு மேலே சென்றால் முன்னது ஓங்கும். கீழே சென்றால் பின்னது ஓங்கும். இரண்டும் சமமாக இருக்குமிடமே சரிவுப் பாதை. அதன் கோணம் வழக்கமாக 3 பாகை. அதாவது, 19 மீட்டர் முன்னேறினால் 1 மீட்டர் இறங்க வேண்டும். இக்கணக்குப்படி 10 கிலோமீட்டர் தொலைவில் விமானம் சுமார் 525 மீட்டர் உயரத்தில் இருக்கும். உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு டான்ஜென்ட் விகிதத்தைக் கற்பிக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

திருவனந்தபுரத்தில் உள்ள அமைப்பு முதல் வகையைச் சேர்ந்தது. இவ்வகையில் தரையிலிருந்து 60 மீட்டர் உயரத்திற்கு வருமுன் விமானி ஓடுபாதையையோ அதன் விளக்குகளையோ கண்ணால் காண வேண்டும். தில்லி போன்ற மூடுபனி மிகுந்த இடங்களில் இது போதாது. அங்குத் தரையைத் தொடும் வரை யந்திரமே விமானத்தைச் செலுத்த வேண்டியுள்ளது. பயணிகளுடன் சென்ற விமானம் ஒன்று தரை தொடும்போது இத்தகைய தானியங்கி முறையை முதன்முதலாகப் பயன்படுத்தியது 1965 ஜூன் 10-ஆம் நாள், லண்டன் ஹீத்ரோவில். அது டிரைடென்ட் வகை விமானம்.

ரேடியோப் பாதையை எந்தக் கோணத்திலும் அமைக்கலாம். யந்திரமும் அதைப் பின்பற்றும். அவ்வாறாயின் கோணத்திற்கு வரம்பு எதற்கு? விடை கடைசிப் பதினைந்து மீட்டரில் உள்ளது. மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் 3 பாகைச் சரிவில் விநாடிக்கு 3.8 மீட்டர் வீதம் இறங்குகிறது. தரைக்கு ஏறத்தாழ 15 மீட்டர் மேலே வந்ததும் யந்திரம் விமானத்தின் மூக்கை நிமிர்த்தி, அவ்வீதத்தை மிகவும் குறைத்தாக வேண்டும். அதற்குக் கிடைப்பவை சில விநாடிகளே. கோணம் 3.5 பாகையானால் வீதம் 4.4 மீட்டர், 5.5 பாகையானால் ஏறக்குறைய 7 மீட்டர். பின்காற்று வீசினால் இவை இன்னும் கூடும். மேலும், செங்குத்தான சரிவில் எஞ்சின்களின் உந்துவிசை மிகக் குறைக்கப்பட்டிருக்கும். திடீரென அதனைக் கூட்டவும் இயலாது. கோணம் மிகக் குறைந்தாலோ, விமானம் தரையைத் தொடாமல் நெடுந்தூரம் மிதந்து செல்லும். வழியிலுள்ள மேடுகளுக்கும் கட்டடங்களுக்கும் மேலே போதிய இடைவெளியும் இராது.

ஆகவே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் விதிகள் 2.5 முதல் 3.5 பாகை வரை இடங்கொடுத்தாலும், மூடுபனிக்குரிய இரண்டாம், மூன்றாம் வகைகளுக்கு 3 பாகையையே உச்சமாக வைத்துள்ளன. விமானங்களின் தானியங்கி இறக்கத்திற்குரிய வரம்பும் இதனையொட்டியதே: போயிங் 737-இன் பிற்கால மாதிரிகளுக்கு 2.5 முதல் 3.25 வரை, ஏர்பஸ் 320-க்கு 2.5 முதல் 3.15 வரை. லண்டன் நகர விமான நிலையத்தில் கோணம் 5.5 பாகை, அங்கு விமானியே கையால் இறக்குகிறார்.

கோணம் சரியாயிருந்தாலும் நிலம் ஒத்துழைக்க வேண்டும். மூக்கை நிமிர்த்தும் நேரத்தை யந்திரத்திற்கு உணர்த்துவது, நேர் கீழேயுள்ள தரையின் தூரத்தை அளக்கும் ரேடியோ உயரமானி. மங்களூரு, கோழிக்கோடு போன்ற மேட்டுநில நிலையங்களில் ஓடுபாதைக்குச் சற்று முன்புவரை அது பள்ளத்தையே அளந்துகொண்டிருக்கும்.

இறங்குவழியில் உயரமான கோபுரமோ கட்டடமோ எழுந்துவிட்டால், ஓடுபாதையின் தொடக்கத்தை உள்ளே தள்ளவோ கோணத்தைக் கூட்டவோ நேரிடும். கோணம் கூடினால் தானியங்கி இறக்கத்திற்கான வாய்ப்பு அற்றுப்போகும். இத்தகைய இடையூறுகளைத் தவிர்க்கவே 2015-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 20 கிலோமீட்டர் வரை கட்டடங்களின் உயரத்திற்குக் கட்டுப்பாடு விதிக்கின்றன. நெய்யாற்றின்கரை வட்டத்தின் மேற்குப் பகுதிகள் இவ்வெல்லைக்குள் அடங்கும். அங்குக் கைபேசிக் கோபுரத்தின் உயரத்தைக் குறிக்கும் கள அலுவலர், கோபுரத்தின் உயரத்தோடு அது நிற்கும் குன்று கடல்மட்டத்திற்கு எவ்வளவு மேலே உள்ளது என்பதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.