எந்த மண்டலம் பலமான மண்டலம்?
கிரிக்கெட் ரசிகர்களின் ஓயாத வழக்கு!

ஆடி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடியில் மாரியம்மனைக் காண மக்கள் வெள்ளம் திரளும். சாத்தூர், சிவகாசி, விருதுநகர், கோவில்பட்டி என்று பல ஊர் மக்கள் அங்கே ஒன்று கூடுவார்கள்.

பல ஊர் வாலிபர்கள் ஓரிடத்தில் கூடினால் பேச்சு எங்கே போகும்? விளையாட்டுப் பக்கம்தான் போகும்! டீக்கடை பெஞ்சில் ஒருவர் ஆரம்பிப்பார்:

"அண்ணாச்சி, பம்பாயை மிஞ்ச இன்னொரு கோஷ்டி பிறந்துதான் வரணும். ரஞ்சிக் கோப்பையை 42 தடவை வாங்கியிருக்கான்!"

"சரி தம்பி. யார் கூட ஆடி ஜெயித்தான்? அதை முதல்ல சொல்லு!"

அவ்வளவுதான். டீ ஆறிவிடும், வாதம் ஆறாது.

இது வெறும் வெட்டிப் பேச்சு அல்ல. அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு விடை தேடி, நம் நாட்டுக் கிரிக்கெட் நிர்வாகமே 90 ஆண்டுகளாகச் சட்டங்களை மாற்றி மாற்றி எழுதி வருகிறது.

சிக்கல் எங்கே?

ஓர் உதாரணம் பார்ப்போம்.

சாத்தூர்ப் பக்கத்து 5 ஊர்கள் தங்களுக்குள் பந்தயம் ஆடுகின்றன. இருக்கன்குடி எல்லாப் பந்தயங்களிலும் ஜெயிக்கிறது. சிவகாசிப் பக்கத்து 5 ஊர்கள் தனியாக ஆடுகின்றன. அங்கே திருத்தங்கல் ஒரு பந்தயத்தில் தோற்று, மற்றவற்றில் ஜெயிக்கிறது.

இப்போது எந்த ஊர் பெரிய ஊர்?

"நாங்கள் தோற்கவே இல்லை!" என்பார்கள் இருக்கன்குடிக்காரர்கள். "எங்கள் பக்கத்தில் ஐந்தும் புலிகள். உங்கள் பக்கத்தில் நீங்கள் ஒருவர்தான் புலி!" என்பார்கள் திருத்தங்கல்காரர்கள்.

இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மைதானத்தில் மோதினால் அன்றி இந்த வழக்குத் தீராது. இதே வழக்குத்தான் தேசம் முழுவதும் நடந்தது.

ஒரே நாளில் முடிந்த பந்தயம்

ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தயம் 1934 நவம்பர் 4 அன்று சென்னை சேப்பாக்கத்தில் தொடங்கியது. சென்னையும் மைசூரும் மோதின. மைசூர் 48 ரன்னிலும், பிறகு 59 ரன்னிலும் சுருண்டது. சென்னை எடுத்தது 130. ஏ.ஜி. ராம்சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் வீழ்த்தினார். பந்தயம் அன்றைக்கே முடிந்துவிட்டது!

அன்று தேசம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு. 1952-53இல் மத்திய மண்டலம் ஐந்தாவதாகச் சேர்ந்தது. ரயில் செலவும் நாளும் மிச்சமாகும் என்பதால், பக்கத்து மாநிலங்கள் முதலில் தங்களுக்குள் ஆடும். மண்டலத்தில் முதலாவதாக வரும் ஒரே கோஷ்டிதான் வெளியே வரும்.

தென் மண்டலத்தில் சென்னை, மைசூர், ஹைதராபாத், ஆந்திரா, கேரளம். மேற்கு மண்டலத்தில் பம்பாய், மகாராஷ்டிரம், பரோடா, குஜராத், சௌராஷ்டிரம்.

1954-55இல் சென்னை முதன்முறையாகக் கோப்பையை வென்றது. பாலு அளகனான் தலைமையில் சென்ற கோஷ்டி, இந்தூரில் பலம் வாய்ந்த ஹோல்கரை வீழ்த்தியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். 1955-56 முதல் 1972-73 வரை 18 ஆண்டுகள், கோப்பை மேற்கு மண்டலத்தை விட்டு வெளியே போகவே இல்லை! 1957-58இல் பரோடா வென்றது. மற்ற ஆண்டுகளிலெல்லாம் பம்பாய். அதிலும் 1958-59 முதல் தொடர்ந்து 15 ஆண்டுகள் பம்பாயே ஜெயித்தது.

மேற்கின் ரசிகர்கள் நெஞ்சை நிமிர்த்தினார்கள். தெற்கின் ரசிகர்களோ வேறு கணக்குச் சொன்னார்கள்: "பம்பாய் பலமான கோஷ்டி. ஒப்புக்கொள்கிறோம். அதனால் மேற்கு முழுவதும் பலம் என்று ஆகிவிடுமா?"

மோதிப் பார்த்தார்கள்!

இதற்கு ஒரு வழி பிறந்தது. 1961-62இல் துலீப் கோப்பைப் போட்டி ஆரம்பமாயிற்று. மாநிலத்துக்குப் பதில் மண்டலமும் மண்டலமும் மோதும் போட்டி இது. முதல் கோப்பையை மேற்கு மண்டலம் தட்டிச் சென்றது. ஆனால் 1965-66லும் அதற்கு அடுத்த ஆண்டிலும் தென் மண்டலம் வென்றது.

ஆகவே, ரஞ்சியில் மேற்கே ராஜா. ஆனால் மண்டலமாகச் சேர்ந்து நின்றால் தெற்கும் சளைத்ததல்ல! மைசூரும் சென்னையும் ஹைதராபாத்தும் ஒன்றையொன்று மண்டலத்துக்குள்ளேயே வீழ்த்திக்கொண்டிருந்தன. ஒருவர் தவிர மற்றவர்களுக்கு வாசல் அடைபட்டுக் கிடந்தது.

1970-71இல் அந்த வாசல் கொஞ்சம் திறந்தது. மண்டலத்துக்கு இரண்டு கோஷ்டிகள் மேலே போகலாம் என்று விதி மாறியது. அந்த முதல் வருஷமே என்ன நடந்தது தெரியுமா? இறுதிப் பந்தயத்தில் பம்பாயும் மகாராஷ்டிரமும் மோதின. இரண்டும் மேற்கு மண்டலம்! பம்பாயின் பிரபல ஆட்டக்காரர்கள் பலர் இந்தியக் கோஷ்டியோடு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போயிருந்த சமயம் அது. அப்படியும் பம்பாய்தான் வென்றது. மேற்கின் பலம் பம்பாயோடு முடியவில்லை என்பதை அன்று தெற்கும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

சேப்பாக்கத்தில் ஒரு பாடம்

1972-73இல் தமிழ்நாடு இறுதிப் பந்தயத்துக்கு வந்தது. பந்தயம் சேப்பாக்கத்தில். வெங்கட்ராகவன், வி.வி. குமார் என்ற இரண்டு சுழல் வீரர்கள் நம் பக்கம். ஆடுகளமோ பந்து சுழலும் களம். பம்பாயை 151 ரன்னிலும், இரண்டாவது இன்னிங்ஸில் 113 ரன்னிலும் மடக்கினார்கள். ஊர் மகிழ்ந்தது.

ஆனால் சுழல் பந்து பம்பாயிலும் இருந்தது! பத்மாகர் சிவல்கர் 16 ரன்னுக்கு 8 விக்கெட், பிறகு 18 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். தமிழ்நாடு 80 ரன், 61 ரன். மூன்றாம் நாளின் முதல் பந்திலேயே பந்தயம் முடிந்தது. பம்பாய்க்கு அது தொடர்ந்து 15ஆவது கோப்பை.

அடுத்த ஆண்டு, 1973-74இல், பெங்களூரில் நடந்த அரை இறுதியில் கர்நாடகம் பம்பாயை மறித்தது. பிரசன்னாவின் பந்தில் கவாஸ்கரின் ஸ்டம்பு விழுந்தது. முதல் இன்னிங்ஸில் அதிக ரன் எடுத்த கர்நாடகம் முன்னேறிக் கோப்பையையும் வென்றது. 18 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை தெற்கே வந்தது!

மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு

காலம் மாறியது. 2002-03இல் மண்டல முறையை எடுத்துவிட்டார்கள். பலமான கோஷ்டிகளுக்கு 'எலைட்' என்ற மேல் பிரிவு. மற்றவர்களுக்குப் 'பிளேட்' என்ற கீழ்ப் பிரிவு.

வழக்குத் தீர்ந்ததா? இல்லை. உருவம்தான் மாறியது. "கீழ்ப் பிரிவில் எடுத்த ரன்னும் ஒரு ரன்னா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்தக் கேள்விக்கு 2010-11இல் ராஜஸ்தான் பதில் சொல்லியது. அந்த ஆண்டு அது கீழ்ப் பிரிவில் இருந்தது. ஜெய்ப்பூரில் ஹைதராபாத்தை 21 ரன்னில் சுருட்டியது. தன் முதல் ரஞ்சிப் பந்தயத்தில் ஆடிய தீபக் சாஹர் என்ற வாலிபர், 10 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்தார்.

"ஹைதராபாத்தும் கீழ்ப் பிரிவுதானே!" என்றார்கள் சிலர். ராஜஸ்தான் நிற்கவில்லை. கால் இறுதியில் மும்பையைத் தாண்டியது. அரை இறுதியில் தமிழ்நாட்டைத் தாண்டியது. இறுதியில் பரோடாவைத் தாண்டிக் கோப்பையை எடுத்தது. கீழ்ப் பிரிவிலிருந்து வந்து ரஞ்சிக் கோப்பையை வென்ற முதல் கோஷ்டி அதுதான்.

"ஏதோ அதிர்ஷ்டம்" என்றவர்களுக்கு அடுத்த ஆண்டே பதில் கிடைத்தது. 2011-12இல் சென்னைக்கே வந்து, தமிழ்நாட்டை இறுதிப் பந்தயத்தில் மிஞ்சி, மறுபடியும் கோப்பையை எடுத்துச் சென்றது ராஜஸ்தான்!

பீகாருக்கு அடைபட்ட கதவு

வாசல் அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பீகார் சாட்சி. ஜார்க்கண்ட் தனி மாநிலமான பிறகு எழுந்த நிர்வாகச் சிக்கலில், 2003-04க்குப் பின் பீகார் ரஞ்சியில் ஆட முடியவில்லை. 2018இல்தான் மறுபடியும் இடம் கிடைத்தது. இடையில் ஒரு தலைமுறை போய்விட்டது! திறமை இருந்தவர்கள் வேறு மாநிலம் தேடிப் போக வேண்டியிருந்தது. போக வழியில்லாதவர்கள் மட்டையைக் கீழே வைத்தார்கள்.

2018-19இல் பீகாரோடு உத்தரகண்ட், புதுச்சேரி, வடகிழக்கு மாநிலங்கள் ஆறு என 9 புதிய கோஷ்டிகள் வந்தன. எல்லாம் கீழ்ப் பிரிவில். அந்த ஆண்டு சிக்கிமுக்காக ஆடிய மிலிந்த் குமார் 1,331 ரன் குவித்தார். பீகாரின் சுழல் வீரர் அசுதோஷ் அமன் 68 விக்கெட் எடுத்தார். 1974-75இல் பிஷன் சிங் பேடி எடுத்த 64 விக்கெட் என்ற பழைய சாதனை உடைந்தது.

உடனே வழக்கு சூடு பிடித்தது. "பேடி எங்கே, இவர் எங்கே? புதுக் கோஷ்டிகளுக்கு எதிராக எடுத்த விக்கெட்டுத்தானே!"

இதில் உண்மை இல்லாமல் இல்லை. எதிராளி பலவீனமானால் எண்ணிக்கை பெருகும். ஆனால் அந்த எதிராளியை அமன் தேடிப் பிடிக்கவில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட எதிராளி அதுதான்! கிடைத்த வேலையை அவர் குறையில்லாமல் செய்தார். மிலிந்த் குமாரோ பிற்காலத்தில் அமெரிக்கக் கோஷ்டிக்காக 2024 உலகக் கோப்பையில் ஆடும் அளவுக்கு உயர்ந்தார்.

2024-25இல் விதர்ப்பத்தின் ஹர்ஷ் துபே மேல் பிரிவிலேயே ஆடி 69 விக்கெட் எடுத்து, அமனின் சாதனையைத் தாண்டினார். அத்தோடு அந்த வாதமும் அடங்கியது.

அமெரிக்காவிலும் இதே சண்டை!

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் அல்ல. அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்துக்குப் பெரும் கூட்டம் கூடும். இது நாம் காலால் உதைக்கும் ஆட்டம் அல்ல. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் முரட்டு ஆட்டம். மேல் வகுப்பில் மட்டும் 130க்கு மேற்பட்ட கல்லூரிகள். எல்லாரும் எல்லாரோடும் ஆட முடியுமா? ஆகவே அங்கேயும் தனித் தனிக் கூட்டமைப்புகள். எந்தக் கூட்டமைப்பு பலம் என்று ஓயாத சண்டை.

2023இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் 13 பந்தயங்களிலும் ஜெயித்தது. ஆனாலும் கடைசி நான்கு இடங்களில் ஒன்றுகூடக் கொடுக்கப்படவில்லை! ஒரு பந்தயத்தில் தோற்றிருந்த அலபாமாவுக்கு இடம் கிடைத்தது. காரணம், அங்கே இடத்தைத் தீர்மானித்தது தேர்வுக் குழு. ரசிகர்கள் கொதித்தார்கள். 2024 முதல் நான்கு இடங்கள் 12 இடங்களாக விரிந்தன.

இங்கேயும் அங்கேயும் கிடைத்த பாடம் ஒன்றுதான். வாதம் முற்றும்போதெல்லாம் வாசலை அகலமாக்க வேண்டியிருக்கிறது.

ஒரு ரன்னில் மாறிய வரிசை

வரிசைப் பட்டியலை மட்டும் நம்புகிறவர்கள் கேரளத்தின் கதையைக் கேட்க வேண்டும்.

தென் மண்டலத்தில் நெடுங்காலம் கேரளத்தைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. 2024-25இல் அது கால் இறுதிக்கு வந்தது. எதிரே ஜம்மு-காஷ்மீர். கேரளம் 281, ஜம்மு-காஷ்மீர் 280. ஒரே ஒரு ரன்! பந்தயம் வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தால், முதல் இன்னிங்ஸில் அதிக ரன் எடுத்தவர்கள் மேலே போகலாம் என்பது விதி. கேரளம் போனது.

அரை இறுதியில் குஜராத். கேரளம் 457. குஜராத் கடைசி ஜோடி நெருங்கி வந்துவிட்டது. குஜராத் ஆட்டக்காரர் ஓங்கி அடித்த பந்து, அருகில் நின்ற கேரள வீரரின் தலைக்கவசத்தில் பட்டு எழும்பி, பின்னால் நின்றவர் கையில் விழுந்தது. குஜராத் 455. இரண்டு ரன் வித்தியாசம்!

இப்படிக் கேரளம் முதன்முறையாக இறுதிப் பந்தயத்துக்கு வந்தது. அங்கே விதர்ப்பம் 379, கேரளம் 342. கோப்பை விதர்ப்பத்துக்குப் போனது. ஆனால் கேரளத்துக்குக் கிடைத்த மரியாதையை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

வாதாடுவோர் கவனிக்க!

2022-23 முதல் 32 கோஷ்டிகள் மேல் பிரிவிலும், 6 கோஷ்டிகள் கீழ்ப் பிரிவிலும் ஆடும் முறை வந்தது. முழு வெற்றிக்கு 6 புள்ளி. இன்னிங்ஸ் வெற்றி அல்லது 10 விக்கெட் வெற்றி என்றால் 7. வெற்றி தோல்வி இல்லையென்றால், முதல் இன்னிங்ஸில் முந்தியவருக்கு 3, பிந்தியவருக்கு 1.

புள்ளிப் பட்டியலைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. யாரோடு ஆடினார்கள்? எந்த ஊர்க் களத்தில் ஆடினார்கள்? எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்? இந்த மூன்றும் தெரிந்தவர் வாதத்தில் எளிதில் தோற்க மாட்டார்.

நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு. பட்டியலில் இல்லாதவர் யார்? அவருக்கு ஆட வாய்ப்புக் கிடைத்ததா?

பட்டாசு ஆலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளையும், கரிசல் காட்டில் உழும் வீட்டுப் பிள்ளையும் மாலை வேளையில் பந்து வீசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். "சின்ன ஊர்க்காரன்தானே, இவன் எடுத்த விக்கெட் கணக்கில் வருமா?" என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் பலமா, பலவீனமா என்பது பெரிய மைதானத்தில் அவன் கையில் பந்தைக் கொடுத்தால்தான் தெரியும். முதலில் பந்தைக் கொடுப்போம். வரிசையை அப்புறம் எழுதலாம்!