குத்துவது குதிகால்; பிடிக்க வேண்டியது கெண்டைக்கால்!

பொழுது விடிகிறது. நொச்சிக்குப்பம் கரைக்குப் படகுகள் வந்து சேருகின்றன. வலையில் இருந்த மீன் கூடைக்கு மாறுகிறது. கூடை தலைக்கு ஏறுகிறது. மணலில் புதையப் புதைய நடந்து, கட்டாந்தரைச் சாலைக்கு வருகிறார்கள் மீன்காரப் பெண்கள். முன்பு இந்தச் சாலையின் ஓரமே கடையாக இருந்தது. 2024 ஆகஸ்டில் இங்கே நவீன மீன் அங்காடி திறந்தார்கள். 366 கடைகள். வெயிலுக்குக் கூரை வந்தது. ஆனால் காலுக்கு வேலை குறையவில்லை. உட்கார வேண்டும், எழ வேண்டும், ஈரத் தரையில் நிற்க வேண்டும்.

இப்படி உழைக்கிற ஆணோ பெண்ணோ, காலையில் பாயைவிட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது, குதிகாலில் "சுருக்" என்று ஆணி ஏறியது போல் இருக்கிறதா? நாலு அடி நடந்தால் குறைகிறதா? உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் குத்துகிறதா? அப்படியானால் படியுங்கள்.

தியாகராய நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுதும் நிற்கும் பெண்ணுக்கும், நடுச்சாலையில் நிற்கும் போக்குவரத்துப் போலீஸ்காரருக்கும், வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கும் இதே வலி வருவது உண்டு.

வில்லும் நாணும்

உள்ளங்கால் தட்டையாக இல்லை. வில் போல் வளைந்திருக்கிறது. அந்த வில்லுக்கு ஒரு நாண் உண்டு. குதிகால் எலும்பில் தொடங்கி விரல்கள் வரை ஓடும் கெட்டியான சவ்வு அது. நெடுநேரம் நிற்பது, உடல் எடை கூடுவது, கடினமான தரையில் வெறுங்காலோடு நடப்பது ஆகியவற்றால் இந்தச் சவ்வு குதிகாலில் ஒட்டியிருக்கும் இடத்தில் நைந்துபோகிறது. இரவெல்லாம் சுருங்கிக் கிடந்த சவ்வு, காலையில் முதல் அடியில் திடீரென்று இழுபடுகிறது. அதுதான் அந்தச் "சுருக்"!

எக்ஸ்ரே எடுத்தால் சிலருக்குக் குதிகாலில் எலும்பு முள் போல் நீண்டிருப்பது தெரியும். "எலும்பு வளர்ந்துவிட்டது, ஆபரேஷன்தான்" என்று பயந்துவிடாதீர்கள். அந்த முள் இருந்தும் வலியே இல்லாமல் நடமாடுகிறவர்கள் பலர்.

கெண்டைக்காலுக்கு இதில் என்ன வேலை? முழங்காலுக்குக் கீழே, பின்புறம் திரண்டிருக்கும் சதைதான் கெண்டைக்கால். அது ஒரு தடித்த நரம்புக்கயிற்றால் குதிகால் எலும்போடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கெண்டைக்கால் இறுகினால் குதிகாலை மேலே இழுக்கும். நடக்கும்போது அந்த இழுப்பு முழுதும் உள்ளங்கால் சவ்வின் தலையில்தான் விழும். ஆகவே குதிகாலை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தால் போதாது.

2011-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், குதிகால் வலிக்காரர்கள் 60 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கால் நீட்டும் பயிற்சி மட்டும். மற்றதற்கு அதோடு கெண்டைக்காலின் முடிச்சுகளை அமுக்கிவிடும் மசாஜும் உண்டு. 4 வாரம் கழித்துப் பார்த்தால், மசாஜும் சேர்ந்த பிரிவுதான் அதிகம் தேறியிருந்தது.

எப்படிப் பிடிப்பது?

"பேராண்டி, காலை ஏறி மிதிடா" என்று பாட்டிமார் சொல்வார்கள் அல்லவா? அதுவும் ஆழ்ந்து அமுக்கும் வைத்தியம்தான்! ஆனால் எலும்பு தேய்ந்த வயதில் பேரன் குதித்தால் வம்பு. கைதான் நல்லது.

குப்புறப் படுக்கச் சொல்லுங்கள். கெண்டைக்காலில் கொஞ்சம் நல்லெண்ணெய் தடவுங்கள். கட்டைவிரலால் குதிகாலுக்கு மேலிருந்து முழங்காலை நோக்கி மெதுவாக அழுத்தி ஏற்றுங்கள். நடுவில் கட்டி போல் தட்டுப்படும் இடத்தில் நிறுத்துங்கள். அரை நிமிடம் அப்படியே அமுக்குங்கள். சதை இளகும். பிறகு உள்ளங்காலில் குதியிலிருந்து விரல் பக்கமாக நீவுங்கள். பல்லைக் கடிக்கும் அளவுக்கு வலிக்கக் கூடாது. "எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவு நல்லது" என்பது தப்பு.

மசாஜ் பாதி வேலைதான். மீதி வேலை உங்களுடையது. காலையில் தரையில் கால் வைக்கும் முன்பு, வலிக்கிற காலைத் தூக்கி மறுதொடையில் போடுங்கள். விரல்களைக் கையால் பிடித்துப் பின்னுக்கு வளையுங்கள். உள்ளங்காலில் நாண் விறைப்பது தெரியும். 10 எண்ணும் வரை பிடியுங்கள். இப்படி 10 தடவை. நாளுக்கு 3 வேளை. 2003-ல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி இந்தப் பயிற்சிக்கு நல்ல பலன் கண்டது. காசு செலவு இல்லை!

செங்கல் ஒத்தடம் ஆபத்து

செங்கல்லைச் சுட்டு, அதன்மேல் எருக்கிலையைப் போட்டுக் குதிகாலை வைப்பது நம் வீடுகளில் பழைய பழக்கம். சூடு இதமாகத்தான் இருக்கும். ஆனால் சர்க்கரை வியாதிக்காரர் அதன் பக்கமே போகக் கூடாது. பல ஆண்டு சர்க்கரையில் பாதத்தின் உணர்வு மங்கிவிடும். தோல் வெந்தாலும் தெரியாது. அந்தப் புண் ஆறாமல் காலையே எடுக்கும்படி ஆகலாம்.

உணர்ச்சியற்ற பாதம் எப்படிக் கெடுகிறது என்பதை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் ஆராய்ந்தார். அவர் 1946-ல் அங்கு வந்தவர். வலி தெரியாததால்தான் அவர்கள் காயத்தின் மேலேயே நடக்கிறார்கள் என்று கண்டார். அப்படிப்பட்ட பாதங்களுக்காக வேலூரில் மெத்தென்ற நுண்ணறை ரப்பர் செருப்பு செய்தார்கள். இன்று கடைகளில் "எம்.சி.ஆர். செருப்பு" என்று விற்பது இந்த ரப்பரில் செய்ததுதான். குதிகால் வலிக்காரர்களும் அதை வாங்கிப் போடுகிறார்கள்.

இன்னும் சிலருக்கும் மசாஜ் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அமுக்கினால் கட்டி நகர்ந்து உயிருக்கே ஆபத்து. அடிபட்டு வலி வந்தவர்களும், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிப்பவர்களும் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நின்றே வேலை செய்பவர்களுக்கு ஒரு செய்தி. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழகத்தில் சட்டத் திருத்தம் வந்திருக்கிறது. நாற்காலி கேட்பது சோம்பேறித்தனம் அல்ல!

பெரும்பாலோருக்கு இந்த வலி ஆபரேஷன் இல்லாமலே தீரும். ஆனால் வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில் ஆகும். 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. நொச்சிக்குப்பத்துக்காரர்களுக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனையும் தூரமில்லை. போகும்போது புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள். தினமும் போடுகிற பழைய செருப்போடு போங்கள். அது எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் பார்க்கட்டும்.